வேலி சிறையன்று

பூனை சுதந்திரமாகத் திரியும் பிராணி. அதனை வேலிக்குள் அடைப்பது கொடுமை என வாதிடுவோர் பலர். கேட்பதற்கு இவ்வாதம் இனிமையானதே. ஆயினும், ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்துப் பாரசீகப் பூனையையும் பெங்கால் பூனையையும் வாங்கிவிட்டு, வாயிற்கதவைத் திறந்து வீதிக்கு அனுப்புவது அன்பாகுமா?

வீதியில் அப்பூனைக்குக் காத்திருப்பவை யாவை? விரைந்தோடும் வாகனம், துரத்தும் நாய், விலையறிந்த திருடன் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத பகையும் ஒன்றுண்டு. பூனைகள் சண்டையிட்டுக் கடித்துக்கொள்ளும்போது உமிழ்நீர் வழியே பரவி, நோயெதிர்ப்பு ஆற்றலைச் சிதைக்கும் நச்சுயிரி அது. ஒருமுறை தொற்றினால் வாழ்நாள் முழுவதும் நீங்காது.

வெயிலையும் காற்றையும் பூனைக்கு மறுக்க வேண்டுமென எவரும் கூறவில்லை. ஆறடி உயரக் கம்பிவலை வேலி அமைக்கலாம். அதன் உச்சி உட்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அல்லது நகம் பற்றவியலாதவாறு உருளும் குழாய் அங்கே பொருத்தப்பட வேண்டும். அடியில் இடைவெளி கூடாது. ஏணியாக உதவும் மரக்கிளையோ கொட்டகையோ அருகில் இருத்தலாகாது. உள்ளே நிழலும் நீரும் வேண்டும். முற்றமில்லாதோர் சன்னலுக்கு வலையிடலாம்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் நாள் நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் நுண்சில்லும் தேவை. உரிமை வந்தபோதே கடமையும் உடன் வந்தது. ஆஸ்திரேலியத் தலைநகர் கன்பராவிலோ, 2022 சூலை 1 முதல் பிறந்த பூனைகளை உரிமையாளர் தம் வளாகத்திற்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். பூனைக்கு மட்டுமன்று, அதன் வாயில் மடியும் பறவைக்கும் அது காப்பு.

செலவு மிகும் என்பர் சிலர். வாங்கப் பணமிருந்தது, காக்கப் பணமில்லையாம்!

வேறு சிலரோ, விலையுயர்ந்தது என்பதற்காகவே வேலியிடுகின்றனர். அவர்கள் காப்பது பூனையையன்று; கொடுத்த பணத்தை. அதே வீட்டை அண்டி வாழும் நாட்டுப் பூனை வேலிக்கு வெளியே கிடந்து வாகனத்தில் அடிபடுமாயின், அவ்வேலியை அன்பின் அடையாளம் எனல் தகுமோ? விலை பூனைக்குப் பூனை வேறுபடும், வலி வேறுபடுவதில்லை.

வகுப்பறையில் உயிரிரக்கம் பற்றி மாணவன் அழகுறக் கட்டுரை வரைகின்றான். மாலையில் வீடு திரும்பியதும் அவன் காண்பது என்ன? ஏட்டில் எழுதியது ஒன்றாகவும் முற்றத்தில் கண்டது வேறாகவும் இருப்பின், அவன் முற்றத்தையே நம்புவான். ஆகவே, பெற்றோரும் ஆசிரியரும் பாடத்தை முற்றத்திலிருந்தே தொடங்குக!