கோயில் கல்லுக்கு ஜெட் பம்ப் வேண்டாம்



திருவிழா நெருங்கினாலே குழுவில் ஒரு கேள்வி வந்துவிடும்: "வாசல் கல்லெல்லாம் கறுத்துப் போச்சு, சுவரெல்லாம் பாசி. ஜெட் பம்ப் வச்சு ஒரே நாள்ல அடிச்சிடலாமே?" கேட்பவர்களின் பக்தியில் எங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனாலும் வேண்டாம்னுதான் சொல்றோம்.

குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் தோன்றியது. அந்தக் காலத்து ஜார்ஜ்டவுன் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்பு வழியாக அதை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசி, எண்ணெய்ச் சாயமும் அடிச்சா ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அதிலுள்ள உப்பு பூத்து, செங்கல்லே மாவாய் உதிரும். ஜெட் பம்ப் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும், கல் இடுக்குச் சாந்தையும் பெயர்க்கும். ஆசிட் சுண்ணாம்பையே அரித்துவிடும்.

கருங்கல் உறுதியானதுதானே என்பார்கள். தமிழ்நாட்டில் பழைய கோயில்களை மணல் வீச்சால் சுத்தம் செய்தார்கள். கல் பளிச்சென்று ஆனது. சிற்பங்களும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்து போயின. பிறகு அந்த முறைக்கே தடை வந்தது. தேய்ந்த முகம் எத்தனை கும்பாபிஷேகம் செய்தாலும் திரும்பி வராது.

அப்போ என்ன செய்யலாம்?

✅ முதலில் கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் பார்க்கணும். ஒழுகல் நிற்காமல் பாசி போகாது.
✅ இடுக்கில் முளைத்த அரசங்கன்றைச் சின்னதிலேயே வேரோடு எடுக்கணும்.
✅ பாசியைக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கணும். கம்பி பிரஷ் கூடாது.
✅ எண்ணெய்க் கறைக்கு மிதமான சோப்பும் கொஞ்சம் தண்ணீரும். முதலில் ஒரு மூலையில் சோதிச்சுப் பாருங்க.
✅ உதிர்ந்த பூச்சுக்குச் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை.

நம்ம பகுதி 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கு. பெரிய பழுதுபார்ப்புக்கு மாநகர் மன்றத்தைக் கேட்டுவிட்டே கை வைக்கணும்.

இதற்கு நாள் பிடிக்கும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குச் செலவும் கூடும். உபயம் தர நினைப்பவர்கள் பெயிண்ட் டின்னுக்குப் பதிலாக அந்தக் கூலிக்குக் கொடுங்க. பழைய கடைவீட்டில் குடியிருப்பவர்கள் உங்க அஞ்சடித் தூணையும் வாசல் கல்லையும் இப்படியே பார்த்துக்கலாம்.

கல்லில் வயசு தெரியட்டுமே. நம்ம பாட்டன், பூட்டன் மிதிச்ச படி அது. அழுக்கு போனால் போதும், கல் போகக்கூடாது.

அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு பம்ப்பை வீட்டிலேயே விட்டுட்டு, பிரஷ்ஷும் பொறுமையும் கொண்டு வாங்க. தாயே துணை 🙏