சிமிழுக்குள் என்ன இருக்கிறது?

அழகுப் பூச்சுகளைக் கடையில் வாங்கிய கைகள் இன்று அவற்றை அடுப்படியிலேயே காய்ச்சத் தொடங்கிவிட்டன. தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கற்றாழை, மஞ்சள் முதலியவற்றைக் கலந்து, கையால் வண்ணம் தீட்டிய சின்னஞ்சிறு சிமிழ்களில் அடைத்து, கழுத்தில் நாடா கட்டி மாணவியர் செய்யும் முகப்பூச்சுகளைப் பள்ளிக் கைவினைச் சந்தைகளில் இப்போது காண்கிறோம். முறுக்கும் அதிரசமும் விற்கும் மேசைக்கு அருகிலேயே அவற்றுக்கும் ஒரு மேசை. மேல்வகுப்பில் பயிலும் நாங்கள் இதனை மனமார வரவேற்கிறோம். விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதைவிடத் தானே செய்து பார்ப்பது நல்ல கல்வியே. ஆயினும், சிமிழின் மேல் ஒட்டும் சீட்டில் எழுதப்படும் ஒரு சொல்லும், சிமிழுக்குள் ஊற்றப்படும் நீரும் எங்களை உறுத்துகின்றன. அவற்றை அருட்சகோதரியர், பெற்றோர், தோழியர் அனைவர் முன்னும் பணிவுடன் வைக்க விரும்புகிறோம்.

பூச்சு செய்வது புதிய கலை அன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமை நகரில் புகழுடன் விளங்கிய கிரேக்க மருத்துவர் கேலன் பெயரால் ஒரு பூச்சு இன்றுவரை பேசப்படுகிறது. தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் உருக்கி, அதில் பன்னீரை அடித்துச் சேர்த்தது அது. தடவியதும் அதிலுள்ள நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருவதால் அவ்வகைப் பூச்சுக்கு ‘கோல்டு கிரீம்’ என்ற பெயர் நிலைத்தது. அதற்கும் முன்னரே நறுமணத் தைலத்தைப் படிகச் சிமிழில் அடைத்துவைக்கும் வழக்கம் இருந்ததை நற்செய்தியில் படிக்கிறோம். பெத்தானியாவில் ஆண்டவரின் தலைமேல் ஒரு பெண் ஊற்றிய தைலம் முந்நூறு தெனாரியத்துக்கு மேல் பெறும் என்று அங்கிருந்தோர் கணக்குப் பார்த்தனர். ஒரு தெனாரியம் அந்நாளில் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. ஏறத்தாழ ஓராண்டுக் கூலி ஒரு சிமிழுக்குள் இருந்திருக்கிறது! அந்தச் சிமிழையும் அவள் உடைத்துவிட்டாள் என்று மாற்கு எழுதுகிறார். சிமிழ் சேர்க்கும் ஆசையுள்ள தோழியருக்கு இந்த இடம் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

நம் பாட்டிமாரின் வழி வேறு. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஆகியவற்றை வெயிலில் சருகாகக் காயவைத்து, இடித்துச் சலித்து, நலங்கு மாவாக டப்பாவில் வைத்தார்கள். குளிக்கப் போகும்போது மட்டும் ஒரு கை அள்ளி நீரில் குழைத்தார்கள். அதை முன்கூட்டியே குழைத்து வைத்தால் வேலை மிச்சமாயிற்றே, ஏன் வைக்கவில்லை? விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. அரிசியும் உளுந்தும் உலர்ந்திருக்கும்வரை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நீர் விட்டு அரைத்து வைத்தால் விடிவதற்குள் மாவு பொங்கி நிற்கும். நீர் உள்ள இடத்தில் நுண்ணுயிர்கள் வாழும். இட்லி மாவில் அவை நமக்கு உதவுகின்றன. முகப்பூச்சில் அவை உதவுவதில்லை.

கடையில் விற்கும் கிரீம்களிலும் நீர் உண்டு. ஆனால் அவற்றைக் கெடாமல் காக்கும் பொருள்களும் அளவறிந்து சேர்க்கப்பட்டிருக்கும். கற்றாழைச் சாறும் பன்னீரும் கலந்து நாம் அடித்தெடுக்கும் வெண்மையான பூச்சில் அந்தக் காவல் இல்லை. பூஞ்சை படர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், எறிந்துவிடலாம். ஆனால் பூஞ்சை தெரிவதற்கு முன்னரே, மணமும் நிறமும் மாறாமலேயே, கிருமிகள் பெருகியிருக்கக்கூடும். அதைப் பரு உடைந்த முகத்திலோ, தம்பி தங்கையின் இளந்தோலிலோ தடவுவது சரியா? ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்துத் தான் மட்டும் பயன்படுத்துபவள் செய்துகொள்ளட்டும். அதையே சிமிழில் அடைத்து, வாங்குபவர் வீட்டுக் குளியலறையில் மூன்று மாதம் இருக்குமாறு கொடுப்பது வேறு.

இதைச் சொன்னால், “எல்லாம் இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?” என்று கேட்கிறார்கள். எருக்கம்பாலும் இயற்கைதான். சேராங்கொட்டையும் இயற்கைதான், தோலில் அதன் சாறு பட்டால் கொப்புளிக்கும் என்பது கிராமத்தார் அறிந்தது. எலுமிச்சம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் சாற்றைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் நடந்தால், சிலருக்கு அந்த இடம் சூடு பட்டதுபோல் வெந்து, பின்னர் மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கும். பழத்திலுள்ள சில பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. நிறம் வெளுக்கும் என்று நம்பித் தடவியது கறுக்க வைக்கிறது!

நீர் இல்லாமல் செய்ய முடியாதா எனில், முடியும். அதைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். தேன்மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 80 கிராம். இவ்வளவே. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகிவிடுவதால், நம் ஊர் வெயிலில் அது மட்டும் சிமிழில் கட்டியாக நிற்காது. மார்கழி விடியற்காலையில்தான் உறைந்து காணப்படும். தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விரலுக்குப் பதமாகக் குழைகிறது. நேரடியாக நெருப்பில் வைக்கலாகாது. கொதிநீர் உள்ள அகன்ற பாத்திரத்துக்குள் சிறிய பாத்திரத்தை இறக்கி, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, மெதுவாக உருக்க வேண்டும். ஊற்றியதும் ஆசையோடு மூடிவிடாதீர்கள். நன்றாக ஆறும்வரை திறந்தே இருக்கட்டும். சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். எடுக்கும்போதும் ஈரக்கை கூடாது. முதல் முறை தடவுபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தபின் முகத்துக்குப் போகலாம்.

மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டுகளை உருக்கிக்கொள்ளலாமே என்று கீழ்வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். சிக்கனமான யோசனைதான். ஆனால் கடைகளில் கிடைக்கும் மெழுகுதிரி பெரும்பாலும் கல்லெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த பாரபின் மெழுகு. அத்துடன் திரிக்கரியும் தூசியும் சாயமும் சேர்ந்திருக்கும். பாஸ்கா திருவிழிப்பின் புகழுரையில் நினைவுகூரப்படும் தேனீக்களின் உழைப்பு அந்தத் துண்டுகளில் இராது.

இனிச் சிமிழுக்கு வருவோம். கைவினை வகுப்பில் நாங்கள் மிக விரும்பிச் செய்வதும், பார்ப்பவர் முதலில் கையில் எடுப்பதும் அதுதான். ஆனால் அழகான கலமெல்லாம் பூச்சுக்கு ஏற்ற கலம் ஆகாது. சுட்ட மண்சிமிழ் எண்ணெயைக் குடித்துவிடும். நாளடைவில் வெளிப்புறம் கசிந்து ஊறல் வாடை வீசும். மெருகிட்ட மண்கலத்தின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். பித்தளைக் குங்குமச் சிமிழில் எண்ணெய்ப் பூச்சை வைத்தால் பச்சை பிடிக்கும். மருந்துக் களிம்பையும் செம்பு, பித்தளையில் ஏறும் களிம்பையும் நம் மொழி ஒரே சொல்லால் அழைப்பது ஏனோ, இங்கே இரண்டும் ஒரே கலத்தில் சந்தித்துக்கொள்கின்றன! உட்புறம் வண்ணம் தீட்டிய கலமும் ஆகாது. ஆகவே உள்ளே எளிய கண்ணாடிப் புட்டியும், வெளியே நம் கைத்திறன் முழுவதும் ஏறிய கூடும் இருப்பதே முறை என்பது எங்கள் எண்ணம். மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அழகு விளங்கும். குருத்தோலைச் சாயமும் மூடியின் கச்சிதமும் எந்த விலையுயர்ந்த சீமைச் சிமிழுக்கும் குறைந்தவை அல்ல. செட்டிநாட்டுக் கொட்டானும் அத்தகையதே. பனையோலை நம் மண்ணின் பொருள். முடையப் பழகவும் அதிக நாள் ஆவதில்லை.

சீட்டில் எழுதும் சொல்லைப் பற்றித்தான் எங்களுக்கு மிகுந்த மனத்தாங்கல். ‘சிவப்பழகு தரும்’, ‘ஏழே நாளில் நிறம் மாறும்’ என்று அழகிய எழுத்தில், சுற்றிலும் பூ வரைந்து எழுதிவிடுகிறோம். யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை. விளம்பரத்தில் கண்டதை எழுதுகிறோம். வீட்டில் கேட்டதை எழுதுகிறோம். “வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய்” என்று கேட்டு வளராத பெண் நம்மில் எத்தனை பேர்? அதற்குப் பயந்து விளையாட்டு நேரத்தில் மர நிழலில் ஒதுங்கி நிற்கும் தோழியரை நாம் அறிவோம். பெண் பார்க்கும் பேச்சில் படிப்புக்கு முன்னால் நிறம் வருவதை அக்காமாரிடம் கேட்டிருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் அன்னை மரியாவின் வேடத்துக்கும் வானதூதர் வேடத்துக்கும் நிறம் பார்த்து ஆள் தேடும் வழக்கம் பல மேடைகளில் உண்டு. நாசரேத்து வெயிலில் நீர் சுமந்த பெண்ணுக்கு வெளுத்த தோல் எதற்கு? இனிமைமிகு பாடலின் மணமகள் தன் கருநிறத்தையும் எழிலையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொள்கிறாளே, அவளுக்கு யார் சீட்டு எழுதிக் கொடுத்தது?

எண்ணெயும் மெழுகும் தோலின் ஈரம் வற்றாமல் காக்கும். வெடிப்பை ஆற்ற உதவும். நிறத்தை மாற்றாது. தோலில் நிறமி செய்யும் அணுக்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் எண்ணிக்கையில் ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. அந்த நிறமி வெயிலின் கடுமையிலிருந்து நம்மைக் காக்கும் குடை. அதைத் தடுத்து நிறுத்தும் பொருள்களில் ஒன்று பாதரசம். சில வெண்மைப் பூச்சுகளில் அது கள்ளத்தனமாகச் சேர்க்கப்படுகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-ஆம் ஆண்டு சிறுநீரக நோயோடு வந்த சிலரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்கள் தடவிவந்த பூச்சுகளே காரணம் எனத் தெரியவந்தது. நம் சிமிழில் பாதரசம் இல்லை, உண்மை. ஆனால் நாம் எழுதும் சொல்லை நம்பி வாங்கியவள், ஏழு நாளில் நிறம் மாறாதபோது அடுத்து எதைத் தேடிப் போவாள்?

1975-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தச் சொல்லைப் பெயரிலேயே தாங்கியிருந்து, 2020-இல் அதைக் கைவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. நிறத்தை வைத்துப் பெண்ணை அளப்பதை எதிர்த்துச் சென்னையில் 2009-இலேயே ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்னும் இயக்கம் பெண்களால் தொடங்கப்பட்டது. பெரிய நிறுவனமே வெட்கப்பட்டு விட்ட சொல்லை, பள்ளிச் சீருடையில் இருக்கும் நாம் கலர்ப் பென்சிலால் எழுதிக் கொண்டிருக்கலாமா?

“அப்படி எழுதினால்தான் விற்கிறது. வரும் பணம் ஏழை மாணவியரின் கட்டணத்துக்குத்தானே போகிறது?” என்பது மறுபக்கத்தாரின் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பணத்தின் அருமை எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டணத்தில் படிக்கப் போகும் தங்கையின் நிறம் என்ன? அவளும் சந்தைக்கு வருவாள். அந்த மேசைமுன் நின்று அந்தச் சீட்டைப் படிப்பாள். அவளிடம் உள்ள பத்து ரூபாயை அதற்கு அவள் நீட்டினால், வாங்கிக்கொள்ள எங்களுக்குக் கை வராது.

வேறொன்றும் இருக்கிறது. அழகுப் பொருள்களை விற்பனைக்கென்று செய்ய அரசின் உரிமம் வேண்டும். பொருள்களின் பட்டியலும் தேதியும் சீட்டில் இருக்க வேண்டும். பள்ளிச் சந்தைதானே என்று இதனைக் கண்டும் காணாமல் விடுவது நமக்கு அழகன்று. ஆகவே எங்கள் யோசனை இதுதான்: வரும் சந்தையில் பூச்சை விற்க வேண்டாம், சிமிழை விற்போம். சாயமேற்றிய ஓலைப்பெட்டி, அதனுள் கொதிநீரில் கழுவி உலர்த்திய வெறும் கண்ணாடிப் புட்டி, மேலே சொன்ன செய்முறையை எழுதிய ஒரு சிறு அட்டை. வாங்குபவர் தம் வீட்டு எண்ணெயில் தாமே செய்துகொள்ளட்டும். அட்டையின் அடியில் ‘இது தோலின் வறட்சியைப் போக்கும்’ என்று மட்டும் எழுதுவோம். இப்படிச் செய்தால் வரவு குறையுமோ என்ற ஐயம் எங்களில் சிலருக்கே உண்டு. ஓர் ஆண்டு செய்து பார்த்துவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம்.

இதற்கு அருட்சகோதரியர் இசைவு தருவார்கள் என்று நம்புகிறோம். ஓலை முடையக் கற்றுத் தரும் அன்னையர் எவரேனும் நம் பெற்றோரிடையே இருந்தால், சனிக்கிழமைகளில் வந்து உதவ வேண்டுகிறோம். வீட்டில் சேர்ந்திருக்கும் சிறு கண்ணாடிப் புட்டிகளையும் மூடியோடு அனுப்பி வையுங்கள். ஊறுகாய்ப் புட்டிகள் மட்டும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அந்த மணம் போவதில்லை.