பட்டா எண் கட்டாயமா?

மென்பொருள் வடிவமைப்பு பற்றிய கூட்டங்களுக்கு நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு போகிறார்கள். போகட்டும். அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டு பெரும்பாலும் நூலகம், வங்கி, ஆன்லைன் கடை. முதலில் உலகத்தைப் பார், யார் யார் இருக்கிறார்கள் என்று கட்டம் போடு, பிறகு புரோகிராம் எழுது என்கிறார்கள். யாருடைய கண்ணால் பார்ப்பது என்று சொல்வதில்லை.

நெய்வேலியில் கூட்டம் போட்டால் நெய்வேலி மண்ணையே எடுத்துக்காட்டாக வையுங்கள் என்கிறோம் நாங்கள்.

1956இல் என்.எல்.சி. தொடங்கியபோது நாட்டில் நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம். அதன் டேபிளில் நிலம் உண்டு, நிலத்தில் உரிமை உள்ளவர் உண்டு. அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்த சேரிக்காரருக்குக் கட்டமே இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவரிடம் நிலத்தைக் காட்டச் சொன்ன மாடல் அது. சாதி என்று எழுதாமலே சாதியின் வேலையைச் செய்தது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று புதுக் கட்டம் போட்டது. கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்து, அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட நிலமற்ற விவசாயக் கூலியும் அதற்குள் வருவார். இந்த ஒரு கட்டத்துக்கு 119 ஆண்டுகள்!

சட்டம் திறந்த கதவை மென்பொருள் மூடிவிடலாம். விண்ணப்பத்தில் ‘பட்டா எண்’ பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் போதும். பட்டா இல்லாதவர் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. மூன்றாண்டு வேலைக்குச் சான்று கேட்டால், கூலிக்காரர் எந்த வருகைப் பதிவேட்டைக் காட்டுவார்?

எரிக் இவான்ஸ் 2003இல் எழுதிய ‘டொமைன் டிரிவன் டிசைன்’ நூல், துறையை அறிந்தவரோடு பேசி மாடலை உருவாக்கச் சொல்கிறது. சரி, இழப்பை அறிந்தவர் யார்? பதிவேடு வைத்திருக்கும் அதிகாரியா, வேலை பறிபோன கூலிக்காரப் பெண்ணா? ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அதே உருவத்தில்தான் அது வடிவமைக்கும் பொருளும் இருக்கும் என்று 1968லேயே எழுதினார் மெல்வின் கான்வே. ஊரும் சேரியும் சமமாக உட்கார்ந்து பேசாத நாட்டில் மென்பொருள் என்ன உருவத்தில் இருக்கும்?

தொழில்நுட்பத்தில் சாதியைக் கொண்டுவராதீர்கள் என்பார்கள். பட்டா கேட்கும் கட்டத்தில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

மாணவத் தோழர்களே, அடுத்த கூட்டத்தில் கை உயர்த்திக் கேளுங்கள்: இந்தப் படத்தில் கட்டம் இல்லாதவர் யார்? எந்தக் கட்டம் கட்டாயம், அதை முடிவு செய்தவர் யார்? பதில் வராவிட்டால், மார்க்கரை வாங்கி நீங்களே வரையுங்கள்.