பக்கற்றில் சிரிப்பு, நிறுவையில் வெட்டு



கொழும்பில் பெரிய கடை ஒன்றின் தேயிலைத் தட்டைப் பாருங்கள். பக்கற்றுக்குப் பக்கற் நம்முடைய படம். பளிச்சென்ற சேலையில் கூடையோடு ஒரு பெண் சிரிக்கிறாள். இடுப்பில் படங்கும் இல்லை, காலில் அட்டைக்கடியும் இல்லை. பக்கத்திலேயே நியாயமான உற்பத்தி, தொழிலாளர் நலன், அறவழித் தேயிலை என்ற மாதிரி வாசகங்கள். அந்த வாசகத்தையும் நம்பித்தான் வாங்குபவர் காசு கொடுக்கிறார்.

அது உண்மையா என்று நாம் கேட்கிறோம். உண்மையில்லை என்றால், விளம்பரத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட முடியாது. அது சட்டத்துக்கு விரோதமானது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவைப் பாருங்கள். பாவனையாளரையோ வேறொரு வியாபாரியையோ தவறாக வழிநடத்தும், ஏமாற்றும், அல்லது ஏமாற்றக்கூடிய எந்த நடத்தையிலும் வியாபாரி ஈடுபடக் கூடாது என்கிறது அது. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. வாங்குபவர் ஏமாறக்கூடுமா என்பதுதான் கேள்வி. பொருளைப் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதை 31 ஆம் பிரிவு தடுக்கிறது.

இந்த நியாயம் தேயிலைத் துறைக்குப் புதிதல்ல. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையை எல்லோரும் போட்டுவிட முடியாது. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். இலங்கையிலேயே பொதி செய்திருக்க வேண்டும். வேறு நாட்டுத் தூளைக் கலந்துவிட்டு சிங்கத்தைப் போட்டால் அது மோசடி. அது சரிதான். ஆனால் இலை எங்கே விளைந்தது என்பதில் பொய் சொல்லக் கூடாது என்றால், அந்த இலையைப் பறித்தவள் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதில் மட்டும் பொய் சொல்லலாமா? சிங்கத்துக்கு இருக்கும் காவல் கொழுந்தெடுக்கும் கைக்கு ஏன் இல்லை?

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். நிறுவையில் சாக்குக்கு ஒரு வெட்டு, ஈரத்துக்கு ஒரு வெட்டு. நாள் சம்பளம் 1,000 ரூபா என்று 2021 இல் வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 இல் 1,700 ரூபா என்று வந்தபோதும் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. நீதிமன்றம் போவது அவர்கள் உரிமை. ஆனால் சம்பளத்தைக் கூட்ட முடியாது என்று நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, நியாயமான சம்பளம் என்று பக்கற்றில் அச்சடித்தால் எதை நம்புவது?

எல்லா முத்திரையும் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முத்திரை இருப்பதே சாட்சியாகிவிடாது. அசாம், கேரளத் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, தொழிலாளர் சுரண்டலைத் தடுக்க இந்தச் சான்றிதழ்கள் பெரிதாக உதவவில்லை என்றது. சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலும் மோசமான சுரண்டல் இருந்ததை அது எடுத்துக்காட்டியது.

வெளிநாட்டுச் சட்டமும் மாறி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய புதிய விதிகள் 2026 செப்டெம்பர் 27 முதல் நடைமுறைக்கு வரவேண்டியவை. பொருளின் சமூகத் தன்மைகளைப் பற்றி வாங்குபவரை ஏமாற்றுவதும் அவற்றின்படி தவறு. தொழில் நிலைமை, நியாயமான சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

"இப்படிப் பேசினால் ஓடர் குறையும், உங்கள் வேலைதான் போகும்" என்று மிரட்டுவார்கள். சிங்க இலச்சினை கண்டிப்பானது என்பதால் இலங்கைத் தேயிலையின் பெயர் கெட்டதா? அந்தக் கண்டிப்புத்தான் பெயரைக் காப்பாற்றியது. பெயரைக் கெடுப்பது பொய்தான். அதைச் சுட்டிக்காட்டுபவர் அல்ல.

ஆகவே நாம் கோருவது இது. சான்றிதழ்க்காரர்கள் வந்தால் துரையும் கங்காணியும் பக்கத்தில் இல்லாமல் தொழிலாளரிடம் பேச வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதியையும் சந்திக்க வேண்டும். அவர்கள் கண்டதைத் தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். தொழிலாளர் நலன் பற்றிய வாசகங்களையும் பொருளைப் பற்றிய உறுதியாகவே எடுத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை விசாரிக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகள் இப்போதே தொடங்கலாம். சம்பளச் சீட்டையும் நிறுவைத் துண்டையும் எறியாதீர்கள். உங்கள் தோட்டத்தின் பெயரோடு விற்கும் பக்கற்றைக் கண்டால் வாங்கி வையுங்கள். கடையில் பில் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டம். மூன்றையும் சங்கத்திடம் கொண்டு வாருங்கள். எழுத்தில் முறைப்பாடு செய்வது நம் பொறுப்பு.

நம் முகத்தைப் போட்டு விற்கும் பக்கற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நம்மைவிட உரிமை உள்ளவர் யார்?