ஹாமுக்கு மேஜை, கருவாட்டுக்கு வாசலா?

மேல்நாட்டு விருந்துகளில் ஒரு முன்பண்டம் உண்டு. உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையை, அதாவது ஹாமை, காகிதம் போல் மெல்லியதாகச் சீவுவார்கள். அரைவேக்காடாக வெந்த பீன்ஸ் ஏழெட்டை ஒரு கட்டாகச் சேர்த்து, அந்தத் துண்டால் சுற்றிக் குச்சி குத்துவார்கள். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த அஸ்பராகஸ் தண்டையும் இப்படிச் சுற்றுவதுண்டு. பிறகு சட்டியில் போட்டுப் புரட்டி எடுத்து, தேனும் கடுகும் கலந்த இனிப்புச் சாற்றையோ, சோயா சேர்ந்த உவர்ப்புச் சாற்றையோ மேலே ஊற்றிப் பரிமாறுவார்கள். இதை உண்பது நாகரிகம். இதைச் சமைக்கத் தெரிந்திருப்பது பெருமை. இதில் நமக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் உண்ண வேண்டாம். உண்பவர்கள் தாராளமாக உண்ணட்டும்.

ஆனால் இந்தப் பண்டத்தின் சூட்சுமம் என்ன என்று சற்று யோசித்துப் பாருங்கள். காய்க்குத் தனியாக உப்புப் போடுவதில்லை. இறைச்சியில் ஏறியிருக்கும் உப்பே காய்க்கும் போதும். சூட்டில் கொழுப்பு உருகிக் காயின் மேல் படிகிறது. மெல்லிய துண்டு சுருங்கிக் காயை இறுகப் பிடித்துக்கொள்கிறது. உப்பின் கடுமையை இனிப்புத் தணிக்கிறது. ஆக, இங்கே இறைச்சி வயிற்றை நிரப்ப வந்ததல்ல. காய்க்கு ருசி சேர்க்க வந்தது.

இந்தச் சூட்சுமம் நமக்குப் புதிதா? கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு வைக்கும் கருவாட்டுக் குழம்பில் நான்கு துண்டு கருவாடு குடும்பம் முழுவதற்கும் போதும். வாழைக்காயோடும் முருங்கைக்காயோடும் நெத்திலிக் கருவாடு சேருகிறது. பச்சை மாங்காயின் புளிப்பு உப்பை அடக்குகிறது. நாம் குடியிருக்கும் இந்தக் கேரளத்தில் பலாக்கொட்டையையும் மாங்காயையும் உணக்கச் செம்மீனோடு சேர்த்துத் தேங்காய் அரைத்து வைக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்குக்கு உணக்கமீன் போலத் துணை வேறில்லை என்பதைத் திருவனந்தபுரத்துக்காரரும் ஒப்புக்கொள்வார், நாகர்கோவில்காரரும் ஒப்புக்கொள்வார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக்கோடு மாறியது, அடுப்படி மாறவில்லை.

பதப்படுத்தும் வித்தையும் ஒன்றேதான். இத்தாலியின் பார்மா நகரத்து ஹாமுக்கு உலகெங்கும் பெயர். பன்றித் தொடையில் கடல் உப்பைத் தேய்த்து, காற்றாட ஓராண்டுக்கு மேல் தொங்கவிடுகிறார்கள். நம் கடற்கரைப் பெண்கள் மீனைக் கீறிக் குடல் எடுத்து, உப்பிட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். உப்பு ஈரத்தை வெளியே இழுக்கிறது; ஈரம் போனால் அழுகச் செய்யும் கிருமிகளுக்குப் பிழைப்பில்லை. மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை அவித்து, புகையிட்டு, உலர்த்தி மாசி ஆக்குகிறார்கள். இலங்கையில் அதை இடித்துச் சம்பலில் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் உலர்த்தினால் உப்புக்கண்டம். எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

அப்படியிருக்க, ஒரு பிள்ளைக்கு மேஜையில் இடம், மற்றொரு பிள்ளை வாசலுக்கு வெளியே என்றால் அது என்ன நியாயம்?

பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்து வாடகைக்கு வீடு தேடும் தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்பணம், வாடகை எல்லாம் பேசி முடிந்த பிறகு, "கருவாடு சமைப்பீர்களா?" என்ற கேள்வியைச் சந்தித்தவர்கள் உண்டு. கேட்பவர்கள் மலையாளிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம்; தமிழ் வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். ரயிலில் ஒருவர் ஊரிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் கொண்டு வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்துகிறார். அவரே ஹோட்டலில் ஹாமும் பழைய பாலாடைக்கட்டியும் வந்தால் வாசனையை மெச்சுகிறார். மூக்கு இங்கே மோப்பம் பிடிப்பது மீனை அல்ல. அதை உண்பவரின் ஜாதியையும் வருமானத்தையும்தான். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

கருவாட்டுக்கு வாசனை இல்லை என்று நான் வாதாடவில்லை. சைவ உணவுக்காரர் தமது அடுப்படியில் அதை அனுமதிக்க மாட்டேன் என்றால் அது அவருடைய உரிமை. மாடியில் சைவக் குடும்பம் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பதும், கழுவிய நீரைத் தேங்கவிடாமல் அப்புறப்படுத்துவதும் கீழ்வீட்டுக்காரரின் கடமை. ஆனால் தாமே மீனும் இறைச்சியும் உண்ணும் வீட்டுக்காரர் கருவாட்டுக்கு மட்டும் தடை போடுவது ஏன்? வாசனை ஒரு மணி நேரத்தில் போய்விடும். அவமானம் அப்படிப் போவதில்லை.

உடல்நலத்தைக் காட்டி ஆட்சேபிப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் ஹாம் உள்ளிட்ட பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. சீன முறையில் உப்பிட்ட மீனையும் அதே அமைப்பு அதே பிரிவில் வைத்திருக்கிறது. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே இரண்டையும் அளவோடு உண்பதே அறிவு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கருவாட்டை வெந்நீரில் ஊறவிட்டு இரண்டு மூன்று முறை அலசி, காய்களை நிறையச் சேர்ப்பது நம் வீட்டுப் பெண்களின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் விவேகம் இருக்கிறது.

மண்ணில் உலர்த்துகிறார்கள், ஈ மொய்க்கிறது என்ற குறையில் உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம் வெறுப்பல்ல, வசதி. 1957-ல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய வெப்பத்தால் இயங்கும் உலர்த்திகளை உருவாக்கியிருக்கிறது. மணலுக்குப் பதிலாக உயர்ந்த தட்டிகளும், மேலே வலையும், மழைக்காலத்துக்கு இத்தகைய உலர்த்திகளும் கடற்கரைக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்க வேண்டும். பன்றி இறைச்சியை ஹாமாகவும் பேக்கனாகவும் பதப்படுத்தி விற்கக் கூத்தாட்டுகுளத்தில் 1973-லேயே கேரள அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். அதே அக்கறையோடு கருவாட்டைச் சுத்தமாக உலர்த்தி, தேதியிட்டுப் பொட்டலம் கட்டி விற்கும் வேலையை மத்ஸ்யபெட் போன்ற கூட்டுறவு அமைப்புகள் பெரிய அளவில் நடத்தினால், விழிஞ்ஞத்திலும் பூவாறிலும் உப்புக் கையோடு நிற்கும் பெண்களுக்கு நல்ல விலை கிடைக்கும். வாங்குபவருக்கும் பயம் இருக்காது.

ஹோட்டல் முதலாளிகளும் தைரியம் கொள்ள வேண்டும். ஹாம் சுற்றிய பீன்ஸைத் தட்டில் அலங்கரித்து வைக்கத் தெரிந்த சமையல்காரருக்கு, மாங்காயும் செம்மீன் கருவாடும் சேர்ந்த கூட்டை அதே அழகோடு வைக்கத் தெரியாதா?

நாமும் நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். விருந்தாளி வந்தால் கருவாட்டுச் சட்டியை ஒளித்து வைக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். வீட்டை வாடகைக்கு விடும் தமிழர்கள் அந்தக் கேள்வியை முதலில் தங்கள் வீட்டு வாசலிலிருந்து நீக்கட்டும். பிறகு அடுத்த வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்கும் தகுதி நமக்கு வரும்.