ஊர் பேர் தெரியாத சரக்கு

செம்பூரில் கல்யாணச் சீர் முறுக்கு யார் சுற்றித் தருவார்கள் என்று தெரிய, முன்பெல்லாம் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் நாலு பேரைக் கேட்டால் போதும். சொன்னவருக்குப் பொறுப்பும் இருந்தது. முறுக்கு நமுத்துப்போனால் மறுநாள் அவரையே பிடித்துக்கொள்ளலாம். இப்போது அந்தக் கேள்வி செல்போனுக்குப் போகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி வகையறாக்கள் மூன்று பெயர்களைக் கோவையாகச் சொல்லிவிடுகின்றன. யாரைப் பிடித்துக்கொள்வது?

பழைய கூகுள் தேடலில் பத்து இணைப்புகள் வரும். பொறுமை இருந்தால் அடுத்த பக்கம் புரட்டலாம். 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் கூகுளும் பல கேள்விகளுக்குத் தானே விடையைத் தொகுத்துத் தருகிறது. பதினோராவது கடைக்காரர் முன்பு தாமதமாகவாவது கண்ணில் பட்டார். இப்போது நாலாவது கடைக்காரருக்கே இடமில்லை.

அந்த மூவர் யார்? மொழி மாடல் எந்தக் கடையிலும் கை நனைத்ததில்லை. எழுத்தில் எந்தப் பெயர் எந்தச் சொற்களோடு சேர்ந்து வந்தது என்பதுதான் அதன் பாடம். சில சமயம் பதில் சொல்லுமுன் நாலைந்து வலைப்பக்கங்களையும் பார்த்துக்கொள்ளும். மாட்டுங்காவில் நல்ல டிபன் எங்கே என்று கேட்டால், 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வராவிட்டால்தான் ஆச்சரியம். இலைச் சாப்பாடு என்றால் 1942இல் தொடங்கிய ராம நாயக். தகுதியான பெயர்கள்தான். நிறைய எழுதப்பட்ட பெயர்களும்கூட.

பக்கத்தில் இருக்கும் தாராவியின் கதை வேறு. இங்கே தமிழ்க் குடும்பங்கள் அவிக்கும் இட்லி விடிகாலையில் சைக்கிள் ஏறி நகரமெங்கும் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் வேரூன்றச் செய்த தோல் தொழிலில் இன்றும் பையும் பெல்ட்டும் தைக்கிறார்கள். இட்லிக்குப் பெயரில்லை. பைகளில் பலவற்றுக்கு வேறு யாரோ முத்திரை குத்திக்கொள்கிறார்கள். எழுத்தில் இல்லாத உழைப்பு மாடலுக்குத் தெரியாது. தாராவியைப் பற்றி எழுதிக் குவித்ததெல்லாம் குடிசையையும் சினிமாவையும் பற்றித்தான்.

இந்த விடைகளில் இடம் பிடித்துத் தருவதாக ஆலோசகர்கள் கிளம்பிவிட்டார்கள். பணத்தை எடுக்குமுன் ஒரு விஷயம். பிரின்ஸ்டன், டெல்லி ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்தார்கள். புள்ளிவிவரம், மேற்கோள், ஆதாரம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு பக்கம் விடைகளில் தென்படுவது 40 சதவீதம் வரை கூடலாம் என்று கண்டார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழைய தந்திரம் எடுபடவில்லை. அதாவது, உள்ளதை விவரமாகச் சொன்னாலே பாதிக் காரியம் முடிந்தது.

இதில் அவசரமும் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு டெண்டரை 2022இல் அதானி குழுமம் வென்றது. பட்டறைகள் எங்கே போகும் என்ற கவலை ஓயவில்லை. "தாராவிக்குப் போனால் கிடைக்கும்" என்ற விலாசம்தான் இதுவரை அவர்களின் பிராண்ட். விலாசம் கலைந்தால் மிஞ்சப்போவது பெயர் ஒன்றே.

ஆகவே பைக்குள் ஒரு சீட்டாவது தைக்கட்டும்: யார் செய்தது, என்ன தோல், எந்த ஆண்டிலிருந்து. அதையே தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இணையத்திலும் வரைபடத்திலும் ஏற்றட்டும். மும்பையின் தமிழ் அமைப்புகள் பட்டிமன்றங்களுக்கு நடுவே ஒரு தொழில் விவரக் குறிப்பேடு தயாரிக்கலாம். வாங்கிச் சாப்பிடும் நாமும் இட்லிக்காரரின் பெயரைக் கேட்டு நாலு வரி எழுதலாம். கேட்டிருக்கிறோமா?