‘தவறி எத்தனை வருஷம் ஆச்சும்மா?’ – இணையவழி உளவளத்துணையும் எங்கள் வீடுகளும்

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பரந்தனில் சித்தியின் வீட்டில், எனது கைபேசியை ஒரு மாப்பேணியில் சாய்த்து வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து நின்றேன். திரையில் சென்னையிலிருந்து ஓர் உளவளத்துணையாளர். கனடாவில் இருக்கும் தங்கச்சி, தாய்க்காகப் பல நாள் இணையத்தில் தேடி, தமிழ் பேசும் ஒருவரைக் கண்டுபிடித்துக் காசும் கட்டியிருந்தாள். ஐந்தாறு நிமிடம் நல்லாகத்தான் போனது. பிறகு அந்தக் கேள்வி தகரக் கதவுக்கு வெளியே எனக்கும் கேட்டது: “உங்க பையன் தவறி எத்தனை வருஷம் ஆச்சும்மா?”

சித்தி எழும்பி வெளியே வந்தா. “தம்பி, அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு, என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல.” அதோடு கோழிக்கூட்டைச் சாத்தப் போய்விட்டா.

2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன் அவன். அந்த உளவளத்துணையாளரில் நான் குறை காணவில்லை. அவர் கனிவாகத்தான் பேசினார். ஆனால் தங்கச்சி நிரப்பிய படிவத்தில் ‘இழப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது, ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று ஒன்று இருக்கவில்லை. இலங்கை அரசுகூட 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்கு, ஆள் காணாமல் போயிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் தனியான சான்றிதழுக்கு இடம் கொடுத்தது. அந்த வேறுபாடு தெரியாத ஒருவரிடம் எங்கள் தாய்மார் மனம் திறக்கமாட்டார்கள்.

இந்த நிலைக்கு உளவியலில் பெயர் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தபோது இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை, ஆதலால் துக்கம் தொடங்கவே முடிவதில்லை. தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். அவர் வலியுறுத்துவது, அந்தக் குடும்பங்களை ‘ஏற்றுக்கொள்ளுங்கள், முடித்துக்கொள்ளுங்கள்’ என்று நெருக்கக் கூடாது என்பதைத்தான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டம் கேட்பதும் ஒரு பதிலைத்தான், மருந்தை அல்ல. இதை வைத்துச் சிலர், “நீதிதான் மருந்து, உளவளத்துணை எல்லாம் எங்களை மௌனமாக்கும் தந்திரம்” என்கிறார்கள். அந்தச் சந்தேகம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சித்தி பதினைந்து வருடமாக இரவில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொண்டதில்லை. நீதி வரும்வரை அவ நித்திரை கொள்ளாமல்தான் இருக்கவேண்டுமா?

இனிக் காசுக் கணக்கு. உலகளவில் விளம்பரம் செய்யும் பெரிய இணையச் சேவைகள் வாரத்துக்கு 65 டொலருக்கு மேல் கேட்கின்றன. டொலரை 300 ரூபாயாக எடுத்தாலும் மாதம் 78,000 ரூபாய். 2025 ஏப்ரலில் இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய். எனவே வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. பிள்ளை இருக்கிற வீட்டிலும், “என்னால உனக்கு எவ்வளவு செலவு” என்று தாய் இரண்டாவது மாதமே நிறுத்திவிடுவா.

காசு கட்டினால் இரகசியம் காக்கப்படும் என்பதும் நிச்சயமில்லை. பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் உதவி தேடி வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் அவர்கள் நிரப்பிய உளநலக் கேள்விக்கொத்து விவரங்களையும் விளம்பரத்துக்காக பேஸ்புக், ஸ்னப்சட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்த நிறுவனம் 7.8 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. எங்கள் ஆட்களுக்கு இது விளம்பரப் பிரச்சினை மட்டுமல்ல. போராட்டக் கொட்டகையில் இருக்கிற அம்மாவுக்கு, தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு என்றாலே புலனாய்வுக்காரர்தான். அதே கைபேசியில் மகன் இயக்கத்தில் இருந்த கதையைச் சொல் என்றால் எப்படிச் சொல்லுவா? முதல் நாளிலேயே “இதைப் பதிவு செய்வீர்களா, யார் பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்பீர்கள்” என்று கேளுங்கள். தடுமாறுகிறவரிடம் தொடர வேண்டாம். இலங்கையில் இன்று யாரும் தன்னை உளவளத்துணையாளர் என்று சொல்லி முகநூலில் விளம்பரம் போடலாம் என்பதால், எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்றும் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு அல்ல.

இளம் பிள்ளைகள் இப்போது இரவில் சட்ஜிபிடியோடு பேசுகிறார்கள். இலவசம், தமிழும் வரும், ஊருக்குள் கதையும் போகாது. பிழை என்று சொல்லி அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் சாகவேண்டும் என்ற எண்ணம் வரும் இரவில், கதவைத் தட்டிப் பார்க்கக்கூடிய ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அப்படியான இரவுக்கு 1926 இருக்கிறது. தேசிய மனநல நிறுவகம் நடத்தும் 24 மணிநேர இலக்கம், தமிழிலும் பேசலாம். எடுத்தவுடன் சிங்களம் கேட்டால் வைத்துவிடாமல், “தமிழ்” என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நிறுவகம் இருப்பது அங்கொடையில். எங்கள் பள்ளிக்கூடத்தில் அது ஊர்ப் பெயர் அல்ல, வசைச்சொல். அந்த வசைதான் இன்றும் பலரை அழைக்க விடாமல் தடுக்கிறது. 1333 என்ற இலக்கமும் இருக்கிறது. 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் பெயர் கேட்காமல் காது கொடுக்கும். பொலிஸ் வரும் என்ற பயம் இன்னும் ஊரில் இருப்பதால் இதையும் சொல்கிறேன்: தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல.

ஆனால் இவை அந்த இரவைக் கடக்க உதவுபவை. பதினைந்து வருட நித்திரையின்மைக்குத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர் வேண்டும், அவர் பலருக்கும் பக்கத்திலேயே இருக்கிறார். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்கில் வைத்தியமும் மருந்தும் இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் 1987இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே, எங்கள் காயம் தனி ஆளுடையது மட்டுமல்ல, குடும்பத்தினதும் ஊரினதும் காயம் என்று எழுதினார்கள். போர் முடிந்த முதல் ஆண்டுகளில், ஆட்கள் மிகவும் உடைந்திருந்த நேரத்தில், வன்னியில் உளசமூக வேலைகளுக்கு ஜனாதிபதி செயலணி தடை போட்டது. அன்று பயிற்றப்பட்டிருக்க வேண்டியவர்கள் இன்று இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேருக்கு முன்னால் நீண்ட வரிசை.

அந்த இடைவெளியில்தான் கைபேசிக்கு வேலை இருக்கிறது. முதலில் நேரில் பார்த்த, எங்கள் பேச்சும் எங்கள் மே மாதமும் தெரிந்த ஒருவர், இரண்டு கிளினிக்குகளுக்கு இடையில் இருபது நிமிடம் அழைத்துப் பேசினால், அது சென்னையிலோ கலிபோர்னியாவிலோ இருந்து வரும் ஒரு மணித்தியாலத்தைவிடப் பெரிது. புலம்பெயர் பிள்ளைகள் மாதாமாதம் டொலரில் கட்டும் காசில் ஒரு பங்கைச் சேர்த்து, இங்கே பயிற்சி பெற்ற இருவருக்கு அந்த இருபது நிமிடங்களுக்கான சம்பளமாகக் கொடுக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் கட்டும் வளைவுகளைவிட அது மலிவாக முடியும்.

சித்தி இப்போது மாதம் ஒருமுறை கிளிநொச்சி கிளினிக்குக்குப் போகிறா. தங்கச்சி அனுப்புவது பஸ் காசும், ஒரு நாள் கூலி போவதற்கான ஈடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அங்குள்ள உத்தியோகத்தர் அழைப்பா. வீட்டில் இரண்டு அறை, நடுவில் சேலைத் திரை, மருமகள் எப்போதும் உள்ளே. ஆதலால் சித்தி கைபேசியோடு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவா. அங்கே சிக்னல் குறைவு. “கேக்குதோ பிள்ளை, கேக்குதோ” என்று அவ சத்தமாகக் கேட்பது ஒழுங்கை வரை வரும்.

முதல் நாள் அந்த உத்தியோகத்தர் கேட்டது, “உங்கட மகன்ர பேர் என்னம்மா?” என்று. சித்தி பெயரைச் சொல்லிவிட்டு, அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு என்றா.